பாட்டரிக்கு நீர் வார்த்தல்: தேங்காய்ப்பட்டணத்துப் படகுகளை முன்னிட்டு ஒரு விளக்கம்

கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் கூடி, குழித்துறை வழியாக ஓடி, மேற்குக் கடலில் விழும் இடம் தேங்காய்ப்பட்டணம். திருவிதாங்கூர்-கொச்சி இராஜ்யத்தில் இருந்து, 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று சென்னை இராஜ்யத்துடன் சேர்ந்த பகுதியில், பழமை வாய்ந்த துறைகளுள் இஃதும் ஒன்று. இன்று இங்கே மீன்பிடித் துறைமுகம் அமைந்திருக்கிறது. ஆற்றின் மேற்கே பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என வரிசையாக உள்ள கடற்கரை ஊர்களின் ஜனங்கள் தங்கல் தொழிலுக்குப் பேர்போனவர்கள். சுறாவும் சூரையும் தேடி இலட்சத்தீவுக்கு அப்பாலும் செல்வோர் அவர்களில் பலர். ஒரு விசைப்படகில் பத்துப் பன்னிரண்டு பேர் ஏறி, முப்பது நாற்பது நாள் கரை காணாமல் இருந்து வருவது அங்கே சாதாரண நடைமுறை.

அத்தனை நாளும் அப்படகே அவர்களுக்கு வீடு. சமையலும் உறக்கமும் ஜெபமும் அதிலேயே. அவ்வீட்டில் விளக்கு எரிவதும், எஞ்சின் கிளம்புவதும், திசை காட்டும் கருவி ஓடுவதும், கம்பியில்லாக் கருவியில் பேசுவதும் எஞ்சின் அறையின் ஓரத்தில் கிடக்கும் இரண்டு பாட்டரிகளை நம்பியே நடக்கின்றன. புறப்படுமுன் டீஸல், ஐஸ், அரிசி, குடிதண்ணீர், வலை, தூண்டில் யாவும் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்க்கப்படுகின்றன. பாட்டரியின் மூடியைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டால், "போன வருஷம் வாங்கினதுதானே, கிடக்கும்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. அது கிடக்கத்தான் செய்யும். ஆனால் உள்ளே நீர் வற்றிக்கொண்டே கிடக்கும்.

இந்நீர் வற்றுவதால் விளையும் கேடு படகில் எவ்வாறு வெளிப்படும் என்பதை முதலில் கூறுதல் நலம். கம்பியில்லாக் கருவி, பிறர் பேசுவதைக் கேட்கும்போது மிகச் சிறிதளவு மின்சாரமே கொள்ளும். ஓர் ஆம்பியருக்கும் குறைவு. தான் பேசும்போதோ, 25 வாட் சக்தியுள்ள கருவிக்கு ஐந்து, ஆறு ஆம்பியர் வேண்டும். நலிந்த பாட்டரி முதலாவதைக் கொடுக்கும்; இரண்டாவதைக் கேட்டவுடன் அதன் அழுத்தம் சரிந்து கருவி அணைந்துவிடும். ஆகவே அப்படகில் உள்ளவர்களுக்கு மற்றெல்லோரும் பேசுவது நன்றாகக் கேட்கும். அவர்கள் கூப்பிடுவதுதான் ஒருவருக்கும் கேட்காது. கேட்கிறதே என்று கருவியை நம்பியிருப்பவர்கள், தங்கள் பாட்டரி கெட்டுப்போயிற்று என்பதை அவசரம் நேரும் அந்தக் கணத்தில்தான் அறிவார்கள்.

2017ஆம் ஆண்டு நவம்பர் 29, 30 தேதிகளில் ஓகிப் புயல் குமரிக் கடலைக் கடந்தபோது, எச்சரிக்கை வெளியாகுமுன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த படகுகளுக்குச் செய்தி எட்டவில்லை. கரையிலிருந்து பேசும் கருவியின் வீச்சுக்கு அவை அப்பாற்பட்டிருந்தன. அதற்குப் பாட்டரி காரணமன்று, தூரமே காரணம். ஆயினும் வீச்சுக்கு அப்பால் உள்ள படகுக்கு, இடையிலுள்ள படகு ஒன்று செய்தியைக் கைமாற்றித் தருவதுதான் கடலில் வழங்கிவரும் உபாயம். அந்த இடைப்படகின் பாட்டரி நல்ல நிலையில் இருந்தால்தான் அச்சங்கிலி அறாமல் இருக்கும். ஓகிக்குப் பின் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளும் படகுகளுக்கு வழங்கப்பட்டு வருகின்றன. அவற்றுக்கும் உணவு அதே பாட்டரியிலிருந்துதான்.

துறைமுக முகத்துவாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மணல் திட்டு கட்டி, அலை உடைந்து எழும் அவ்விடத்தில் படகுகள் கவிழ்ந்து உயிர்ச்சேதம் நேர்ந்திருப்பதை இப்பகுதியில் அறியாதார் இல்லை. அலைவாய்ச் சுவரைத் திருத்தி அமைக்க வேண்டுமென மீனவர்கள் பலமுறை முறையிட்டதும் அதனாலேயே. அது சர்க்கார் செய்யவேண்டிய காரியம். ஆனால் அந்த முகத்துவாரத்தில் எஞ்சின் நின்றுபோனால், மறுமுறை சாவியைத் திருகியவுடன் கிளம்பவேண்டும். இரண்டாவது அலைக்கு முன் கிளம்பவேண்டும். அஃது அப்படகில் உள்ளவர்களே பார்த்துக்கொள்ளக்கூடியது.

நீர் எங்கே போகிறது

பிரான்ஸ் தேசத்து காஸ்தோன் பிளாந்தே என்பவர் 1859ஆம் ஆண்டில் ஈயத் தகடுகளைக் கந்தகத் திராவகத்தில் தோய்த்து முதல் சேமப் பாட்டரியை அமைத்தார். இன்று படகிலும், லாரியிலும், வீட்டு இன்வெர்ட்டரிலும் இருப்பது பெரும்பாலும் அதன் வழிவந்ததே. பன்னிரண்டு வோல்ட் பாட்டரியில் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையிலும் ஈயத் தகடும் ஈய ஆக்ஸைடு பூசிய தகடும் மாறிமாறி அடுக்கப்பட்டு, நீர் கலந்த திராவகத்தில் மூழ்கியிருக்கும். மின்சாரம் எடுக்கும்போது திராவகத்திலுள்ள கந்தகச் சத்து தகடுகளில் போய்ப் படிகிறது. மீண்டும் மின்சாரம் ஏற்றும்போது தகட்டிலிருந்து திராவகத்துக்குத் திரும்புகிறது. இப்போக்குவரத்தில் எதுவும் குறைவதில்லை.

குறைவது எப்போதெனில், பாட்டரி நிறைந்த பின்னும் மின்சாரம் ஏறிக்கொண்டே இருக்கும்போது. படிந்த சத்தெல்லாம் திரும்பிவிட்டபடியால், ஏறுகிற மின்சாரம் செய்வதற்கு வேறு வேலையில்லாமல் நீரையே பிளக்கிறது. நீர், ஹைடிரஜன் என்னும் ஜலவாயுவாகவும் ஆக்ஸிஜன் என்னும் பிராணவாயுவாகவும் பிரிந்து, குமிழிட்டு மேலே போய்விடுகிறது. திராவகம் போவதில்லை, போவது நீர் மட்டுமே. ஆகவே திருப்பி வார்க்க வேண்டியதும் நீர் மட்டுமே. பாட்டரியைப் பற்றி வேறெதை மறந்தாலும் இதனை மறத்தலாகாது. "ஆஸிட் குறைந்துவிட்டது, கொஞ்சம் ஆஸிட் விடுங்கள்" என்று கடைகளில் கேட்பது வழக்கமாயிருக்கிறது. அவ்வாறு விட்டால் ஓரிரு வாரம் பாட்டரி துடிப்பாயிருப்பது போலத் தோன்றும். பின்னர், கடுமையேறிய திராவகம் தகட்டையும் இடைத்தடுப்பையும் அரித்துத் தீர்த்துவிடும். பாட்டரி கவிழ்ந்து திராவகம் கொட்டிப்போனால் மட்டும், விஷயமறிந்த பாட்டரிக் கடைக்காரரைக் கொண்டு சரியான கடுமையுள்ள திராவகம் விடலாம்.

எவ்வளவு நீர் போகும் என்பதையும் கணக்கிடலாம். ஓர் ஆம்பியர் மின்சாரம் மிகையாக ஒரு மணி நேரம் ஏறினால், ஓர் அறையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கிராம் நீர் போகும். இஃது இயற்கையின் விதி; எந்தக் கம்பெனிப் பாட்டரிக்கும் மாறாது. தங்கலுக்குப் போகும் படகொன்றில், பாட்டரி நிறைந்த பின்னும் இரண்டு ஆம்பியர் அளவில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு இருபது ஆம்பியர்-மணி. அறை ஒன்றுக்கு ஏறத்தாழ ஆறே முக்கால் கிராம் நீர். பார்த்தால் ஒரு தேக்கரண்டி சிறிது கூடுதல். முப்பது நாளில் அஃது இருநூறு கிராம், அதாவது ஒரு டம்ளர். ஆறு அறைக்கு ஒன்றேகால் லிட்டருக்குச் சிறிது குறைவு. இரண்டு பாட்டரிக்கு இரண்டரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. தகட்டின் மேல் நிற்கும் சேம நீர் அவ்வளவே இருக்கும். பல பாட்டரிகளில் அதுவும் இராது. எனவே கரையில் நிறைத்துக்கொண்டு போன பாட்டரியிலும், திரும்பி வருமுன் தகடு வெளியே தெரியலாகும். ஐந்து லிட்டர் நீர்க் கேன் ஒன்றைப் பாட்டரியின் பெயரால் படகில் ஏற்றிப் போவது மிகையாகாது.

எஞ்சின் அறையின் உஷ்ணம் இச்செலவை இன்னும் கூட்டும். பாட்டரிக்கும் வயது ஏற ஏறத் தாகம் ஏறும். தகட்டுச் சட்டத்தில் கலந்துள்ள ஆண்டிமனி என்னும் உலோகம் சிறிது சிறிதாகக் கரைந்து எதிர்மின் தகட்டில் போய்ச் சேர்வதே அதற்குக் காரணம். முதல் வருஷத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நீர் கேட்ட பாட்டரி, மூன்றாம் வருஷத்தில் மாதந்தோறும் கேட்கலாம். பழைய கணக்கிலேயே நீர் விட்டுவருபவர் ஏமாந்துபோவார்.

தகடு வெளியே தெரிந்தால் என்னவாகும்? காற்றுப்பட்ட பாகம் காய்ந்து, அதில் படிந்த கந்தகப் படிவு கல்லாய் இறுகிவிடும். பின்னர் நீர் விட்டாலும் அப்பாகம் முழுதும் உயிர் பெறுவதில்லை. கால் பங்கு தகடு காய்ந்திருந்தால் கால் பங்கு பாட்டரி போயிற்றென்றே கொள்ள வேண்டும். எஞ்சிய திராவகமும் நீர் வற்றியதால் கடுமையேறி, மூழ்கியிருக்கும் பாகத்தையும் அரிக்கும்.

எந்த நீர்

வாலையில் வடித்த நீர். கடைகளில் டிஸ்டில்டு வாட்டர் என்று விற்கப்படுவது. உப்பு நீக்கும் பிசின் வழியாகச் செலுத்தி எடுத்த நீரும் ஏற்றதே. இந்தியத் தர நிர்ணயத்தில் பாட்டரி நீருக்கென 1069ஆம் எண்ணுள்ள தரம் வகுக்கப்பட்டிருக்கிறது. புட்டியின் மேல் அவ்வெண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நன்று. பெயரும் விலாசமும் இல்லாத புட்டிகளில் குழாய்த் தண்ணீரை அடைத்து விற்பவர்களும் உண்டு. நீரில் கரைந்துள்ள உப்பைக் காட்டும் பேனா போன்ற சிறு கருவி இப்போது சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. நல்ல வாலைநீரில் அதன் எண் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். நூறு, இருநூறு என்று காட்டினால் அந்தப் புட்டியைக் கடைக்காரரிடமே திருப்பித் தரலாம்.

தேங்காய்ப்பட்டணத்துக்கு இவ்விஷயத்தில் தனிக் கஷ்டம் உண்டு. பொழிமுகத்தை அடுத்த கிணறுகளில் உப்புக் கலந்திருக்கிறது. சற்று மேட்டுக்குப் போனால் செம்மண் நிலத்துக் கிணறுகளில் இரும்புக் கறை. கிணற்று நீர் குடிக்க இனிப்பாயிருக்கிறதே என்பது வாதமாகாது. நாவுக்குத் தெரியாத அளவு இரும்பு உள்ளே போனாலும், பாட்டரி சும்மா கிடக்கும்போதே தானாக மின்சாரம் இழந்துகொண்டிருக்கும். உப்பிலுள்ள குளோரைடு ஈயத்தை அரிக்கும்.

சிலர் கொதிக்கவைத்து ஆற்றிய நீரைப் பெருமையாக விடுகின்றனர். கொதித்தால் கிருமி சாகும்; உப்புச் சாகாது. ஆவியாய்ப் போன நீருக்குப் பதிலாக உப்பின் செறிவு சிறிது கூடத்தான் செய்யும். படகிலே வாலைநீர் தீர்ந்தபோது ஐஸ் உருகிய நீரை விடுவதும் நடக்கிறது. ஐஸ் கிணற்று நீரில் கட்டப்பட்டது. அதோடு மீனின் உதிரமும் சேர்ந்திருக்கும். மழைநீர் சுத்தமானதென்பது உள்நாட்டுக்கு ஓரளவு பொருந்தும். கடலோரக் கூரையில் உப்புக்காற்றின் படிவு இருப்பதால், அதைக் கழுவிக்கொண்டே மழை இறங்குகிறது. ஏ.ஸி. யந்திரத்தில் சொட்டும் நீர் பார்வைக்குத் தெளிவாயிருப்பினும், செம்புக் குழலையும் அலுமினியத் தகட்டையும் தூசியையும் தடவி வருவது. வீடுகளில் குடிப்பதற்கு வடிகட்டும் ஆர்.ஓ. நீரிலும் உப்பு முற்றும் நீங்குவதில்லை. நடுக்கடலில் தகடு வெளியே தெரியும்போது வேறொன்றும் கிடையாதெனில், இவற்றுள் குறைந்த தீங்குடையது ஆர்.ஓ. நீரே. அதையும் தகடு மூழ்குமளவுக்கு மேல் விடலாகாது. கடல்நீர் ஒரு துளியும் ஆகாது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அது பாட்டரிக்குள் புகுந்து மின்சாரமும் ஏறினால், மூச்சை அடைக்கும் குளோரின் வாயு கிளம்பும். மூடிய எஞ்சின் அறையில் அஃது ஆளைக் கொல்லவும் கூடும். படகின் அடியில் சேரும் நீர் எட்டாத உயரத்தில், சட்டமடித்துக் கட்டி, மூடி போட்டே பாட்டரியை வைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

வார்க்கும் முறை

எஞ்சினை நிறுத்தி அரை மணியாவது கழிந்தபின், படகு ஆடாமல் நிற்கும் வேளையில் பார்த்தல் வேண்டும். படகு சாய்ந்திருந்தால் ஒரு பக்கத்து அறை நிறைந்தும் மறுபக்கத்து அறை குறைந்தும் தோன்றும். மூடியைத் திறக்குமுன் பாட்டரியின் மேற்புறத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இல்லாவிடில் மேலே படிந்த உப்பே உள்ளே விழும். இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. நல்ல நீரை விலை கொடுத்து வாங்கி, கடலுப்பைத் தாங்களே சேர்த்துக்கொள்கிறார்கள்.

உள்ளே பார்க்கக் கை விளக்கு வேண்டும். தீக்குச்சியோ பீடியோ கூடவே கூடாது. மேற்சொன்ன கணக்கில், ஓர் ஆம்பியர்-மணி மிகை மின்சாரம் ஒரு பாட்டரியின் ஆறு அறைகளிலுமாக ஏறத்தாழ இரண்டரை லிட்டர் ஜலவாயுவைக் கிளப்பும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு ஜலவாயு சேர்ந்தாலே தீப்பொறியில் வெடிக்கும். அறையின் பலகையைத் திறந்து, காற்றோட்டம் உண்டாக்கிய பிறகே அருகில் போதல் வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு ரப்பர் உறையும் அணிவது கோழைத்தனமன்று. திராவகம் கண்ணில் தெறித்தால் கால் மணி நேரம் இடைவிடாமல் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

நீர் எவ்வளவு நிற்க வேண்டும்? தகட்டின் மேல் பத்து முதல் பதினைந்து மில்லிமீட்டர். விரற்கடை அளவென்று நினைவில் வைக்கலாம். மூடித் துவாரத்தில் கீழ்நோக்கி இறங்கும் குழல் இருந்தால், அதன் அடிக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிட வேண்டும். கழுத்துவரை நிறைப்பவர்கள் பாட்டரிக்கு உபசாரம் செய்வதாக எண்ணி அபசாரம் செய்கிறார்கள். மின்சாரம் ஏறும்போது குமிழும் வெப்பமும் சேர்ந்து திராவகம் பொங்கும். நிறைந்திருந்தால் மேலே வழிந்து கம்பியையும் பலகையையும் அரிக்கும். வழிந்தது திராவகம், அடுத்த முறை அவ்விடத்தில் விடப்படுவது நீர். இப்படியே நாலைந்து முறை நடந்தால் உள்ளே திராவகம் சப்பென்று ஆகிவிடும்.

இதனாலேயே, மின்சாரம் ஏற்றிய பின்பே நீர் வார்க்க வேண்டும் என்ற விதி ஏற்பட்டது. தகடு வெளியே தெரியும்படி வற்றியிருந்தால் மட்டும் விதிவிலக்கு. அப்போது தகடு மூழ்கும் அளவுக்கு முதலில் சிறிது நீர் விட்டு, மின்சாரம் ஏற்றி, அதன் பின் அளவுக்கு நிறைத்தல் வேண்டும். நீர் விடப் பிளாஸ்டிக் புனலோ கண்ணாடிக் குழலோ உபயோகிக்கலாம். தகரப் புனலும் டீஸல் விட்ட புனலும் ஆகா. முடிந்ததும் மூடிகளை இறுக்கி, அவற்றிலுள்ள நுண்துளை அடைபடாமல் இருக்கிறதா எனப் பார்த்து, முனைகளில் வெள்ளைப் பூஞ்சைபோல் படிந்திருப்பதைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவித் துடைத்து, வாஸலின் தடவிவிட வேண்டும். சோடா நீர் பாட்டரிக்குள் இறங்கிவிடலாகாது. முனையைக் கழற்ற நேர்ந்தால் எதிர்மின் முனையை முதலில் கழற்றி, பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்டுவது வழக்கம்.

படகுகளில் பாட்டரி பலகைக்கடியிலோ படுக்கைக்கடியிலோ இருப்பதால் மூடியைத் திறப்பதே பெரும்பாடு என்பதும் மெய்யே. மேல்நாடுகளில் வீடு போல அமைத்த மோட்டார் வண்டிகளில் மாதக்கணக்கில் ஊர் சுற்றுவோர்க்கும் இதே சங்கடம் உண்டு. அவர்களிற் பலர் சாதாரண மூடிகளை எடுத்துவிட்டு, மிதவை வைத்த மூடிகளைப் பொருத்தி, ஒரே ரப்பர் குழாய் வழியாக எல்லா அறைக்கும் நீர் செலுத்துகிறார்கள். அளவு வந்ததும் மிதவை தானே அடைத்துக்கொள்ளும். நம் படகுகளுக்கும் இச்சாதனம் ஏற்றதே. ஆயினும் அதை வைத்துக்கொண்டு மூடியைத் திறக்காமலே இருந்துவிடக் கூடாது. மிதவை ஒட்டிக்கொண்டால் ஓர் அறை காயும், மற்றது வழியும்.

நீர் சொல்லும் செய்தி

எத்தனை நீர் செலவாகிறதென்று குறித்துவைப்பவருக்குப் பாட்டரி தன் நோயைத் தானே சொல்லும். எல்லா அறைகளும் ஒன்றுபோல் அதிகம் குடித்தால் மின்சாரம் மிகையாக ஏறுகிறது. எஞ்சின் ஓடும்போது, இரண்டு பாட்டரிகளைத் தொடுத்த 24 வோல்ட் அமைப்பில் 27.5 முதல் 28.5 வோல்ட் வரை காட்டுவது சரி. 29ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைச் சோதிக்க வேண்டும். ஓர் அறை மட்டும் மற்றவற்றிலிருந்து மாறுபட்டால், அவ்வறை பழுது. அடியில் சேறு தேங்கித் தகடுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கலாம், அல்லது பெட்டியில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். மாதக்கணக்கில் நீரே குடிக்காத பழைய பாட்டரியைக் கண்டு மகிழ்பவர்களும் உண்டு. அது பட்டினி கிடக்கிறது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். விசிறிப் பட்டை தளர்ந்தோ முனை துருப்பிடித்தோ போதுமான மின்சாரம் ஏறவில்லை. தகடுகள் மெல்லக் கல்லாகி வருகின்றன.

ஐயம் தீர ஹைடிராமீட்டர் உதவும். கண்ணாடிக் குழலில் திராவகத்தை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் கோலில் எண்ணைப் பார்க்க வேண்டும். 1.265 அளவில் நின்றால் நிறைவு, 1.190 பாதி, 1.120 வெறுமை. உஷ்ண நாடுகளுக்கென 1.240 கடுமையுள்ள திராவகம் நிரப்பிய பாட்டரிகளும் உண்டு; அவற்றுக்கு அதுவே நிறைவு. திராவகத்தின் வெப்பம் பத்து டிகிரி ஏறினால் எண் 0.007 குறைத்துக் காட்டும். ஓர் அறை மற்றவற்றைவிட 0.050 குறைவாயிருந்தால் அப்பாட்டரியைத் தங்கலுக்குக் கொண்டுபோகலாகாது. நீர் வார்த்தவுடன் இச்சோதனை செய்வது வீண். புதிய நீர் மேலேயே நிற்குமாதலால் எண் பொய் சொல்லும். ஒருமுறை நன்கு மின்சாரம் ஏறிக் கலந்த பின்பே பார்க்க வேண்டும்.

வீடுகளில் உள்ள இன்வெர்ட்டர் பாட்டரிக்கும் மேற்சொன்னவை யாவும் பொருந்தும். ஓகியின்போது மின்கம்பங்கள் சாய்ந்து பல நாள் இருளில் இருந்த பிறகு இப்பகுதியில் இன்வெர்ட்டர் வைத்துக்கொள்ளும் வீடுகள் பெருகின. ஆண்கள் கடலிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்க, அதைப் பராமரிப்பது பெரும்பாலும் பெண்களின் பொறுப்பாகிறது. அவ்வகைப் பாட்டரிகளில் ஒவ்வொரு மூடியிலும் மிதவைக் குறி இருப்பதால் வேலை எளிது. பச்சைக்கோட்டுக்கும் சிவப்புக்கோட்டுக்கும் நடுவே நின்றால் போதும். இரண்டு மாதத்துக்கொருமுறை பார்க்கலாம். சமையல் அடுப்புக்கு அருகிலோ ஜன்னலில்லாத படுக்கையறையிலோ வைத்தலாகாது. முற்றும் அடைத்து மூடப்பட்டு, நீர் வேண்டாத வகையென விற்கப்படும் பாட்டரிகளைத் திறக்க முயலவும் கூடாது.

சங்கங்கள் செய்யக்கூடியது

ஒரு பெரிய பாட்டரியின் விலை இன்று பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். ஒழுங்காக நீர் வார்த்தால் நாலைந்து வருஷம் உழைக்கக்கூடியது, வார்க்காவிடில் ஒன்றரை இரண்டு வருஷத்தில் கைவிடும். படகின் வருமானத்தைப் பங்கு வைக்குமுன் கழிக்கப்படும் செலவுகளில் இதுவும் அடங்குவதால், நஷ்டம் உரிமையாளரை மட்டும் சேர்ந்ததன்று. ஒவ்வொரு தொழிலாளியின் பங்கிலும் அது குறைகிறது. மூடியைத் திறந்து பார்க்கும் பொறுப்பை டிரைவர் ஒருவர் தலையிலேயே சுமத்தாமல், படகிலுள்ள இளைஞர் ஒருவருக்குப் பழக்கிவிடுவது உசிதம்.

மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் டீஸலையும் வலை நூலையும் மொத்தமாக வாங்கி உறுப்பினர்க்கு அளிப்பது போல, தரம் பார்த்த வாலைநீரையும் பெரிய கேன்களில் வாங்கி வைக்கலாம். ஒரு ஹைடிராமீட்டரும் ஒரு வோல்ட் மீட்டரும் சங்கத்தில் இருந்தால் துறைக்கே போதும். புறப்படும் படகின் பாட்டரியை அங்குள்ள ஒருவர் பார்த்து, தேதி, ஆறு அறைகளின் எண், வார்த்த நீரின் அளவு ஆகியவற்றை ஒரு புஸ்தகத்தில் எழுதிவைக்க வேண்டும். அடுத்த தங்கலுக்கு முன் இரண்டு வரிகளையும் ஒப்பிட்டால் எந்தப் பாட்டரி தேய்கிறதென்பது தெரிந்துபோகும். பாட்டரிக்கென உறுப்பினருக்குக் கடன் கொடுக்கும் சங்கம், இப்புஸ்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்த பின்பே அடுத்த கடன் கொடுப்பதென்று வைத்துக்கொண்டால், அதில் தவறு காண்பார் இரார்.

இது புதிய யோசனையுமன்று. அருகிலுள்ள மார்த்தாண்டத்தில் 1920களில் ஒய்.எம்.ஸி.ஏ. சார்பில் ஸ்பென்ஸர் ஹாட்ச் என்பவர் நடத்திய கிராம புனருத்தாரண நிலையம், தேனீ வளர்ப்பைக் குடியானவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. பெட்டியை அவ்வப்போது திறந்து, உள்ளே என்ன நடக்கிறதென்று பார்க்கும் பழக்கமே அத்தொழிலின் பாதி. மார்த்தாண்டம் தேன் பேர்பெற்றது அப்படித்தான். கொட்டும் பூச்சியுள்ள பெட்டியைத் திறக்கப் பழகிய தாலுகாவில், ஆறு மூடியுள்ள பெட்டியைத் திறக்கத் தயங்க வேண்டியதில்லை.

உழைத்துத் தீர்ந்த பாட்டரியின் திராவகத்தை ஆற்றிலோ பொழியிலோ கொட்டுவதும், ஈயத்தை உருக்கித் தூண்டிலுக்கும் வலைக்கும் குண்டு வார்ப்பதும் சில இடங்களில் நடக்கின்றன. ஈயப் புகை சிறுவர்களின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அத்தகடுகளில் ஆஸிட் ஊறியிருப்பதால் கேடு மேலும் அதிகம். பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் கடமை 2022ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகளால் தயாரிப்பாளர்க்கு விதிக்கப்பட்டிருக்கிறது. புதியது வாங்கும் கடையில் பழையதைத் திராவகத்தோடு, மூடி கழற்றாமல் ஒப்படைத்தால், அதன் ஈயத்துக்கு உரிய தொகையைப் புதிய பாட்டரியின் விலையில் கழித்துக்கொள்வர்.